எஸ்.பி.க்கு நாம ஓட்டு போடறதில்ல, சரி. கேள்வியை யார்கிட்ட கேட்கறது?

அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல ஷெரிஃப் ஆகணும்னா தேர்தல்ல நிக்கணும். "நான் யாரு, இதுக்கு முன்னாடி என்ன செஞ்சேன், உங்க தெருவை எப்படிப் பாதுகாப்பேன்"னு மக்கள்கிட்ட சொல்லி ஓட்டு கேட்கணும். நம்ம விழுப்புரம் எஸ்.பி. யார்கிட்டயும் ஓட்டு கேட்க வேண்டியதில்லை. அரசு நியமிக்கும், அரசே மாத்தும்.

அது தப்புன்னு நான் சொல்லல. ஓட்டுக்காக ஒரு சாதிக்கு மட்டும் நல்லவரா நடக்கற போலீஸ் அதிகாரி நமக்கு வேண்டாம். ஆனா ஏதாவது நடந்தா யாரைக் கேட்கறது?

2023 மே மாசம். திண்டிவனத்துல இருந்து கிழக்கே போனா மரக்காணம். பக்கத்துல எக்கியார்குப்பம், மீனவ கிராமம். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு அங்கே பலர் செத்துப்போனாங்க. செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தா 20 பேருக்கு மேல. விழுப்புரம் எஸ்.பி. சஸ்பெண்ட், வழக்கு சிபிசிஐடிக்கு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி. 2019 வரைக்கும் அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். 60 பேருக்கு மேல செத்தாங்க. அங்கேயும் எஸ்.பி. சஸ்பெண்ட். அதிகாரியை மாத்தினா மட்டும் சரியாகிடும்னா, ரெண்டாவது சாவு நடந்திருக்கக் கூடாது இல்லையா?

அடுத்த மாசமே, ஜூலை 10, விக்கிரவாண்டியில இடைத்தேர்தல். நம்ம ஊர்ல பொதுப் பாதுகாப்பைப் பத்திக் கேட்கக் கிடைக்கற வாய்ப்பு அதுதான். எம்.எல்.ஏ. எஸ்.பி. கிடையாது. ஆனா போலீஸ் மானியக் கோரிக்கை விவாதத்துல எழுந்து பேசற உரிமை அவருக்கு இருக்கு.

அதனால வேட்பாளர் வாசலுக்கு வந்தா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, அவரோட பின்னணி. படிவம் 26 பிரமாணப் பத்திரத்துல அவர் மேல இருக்கற வழக்கு, சொத்து, படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தோட தளத்துல யார் வேணா படிக்கலாம்.

ரெண்டு, போலீஸ் மேலேயே புகார்னா எங்கே போறது? 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில புகார் ஆணையம் வைக்கச் சொல்லுச்சு. நம்ம 2013 சட்டத்துல மாநில அளவுல உள்துறைச் செயலாளர், மாவட்டத்துல கலெக்டர்தான் தலைவர். அதாவது அரசு மேல இருக்கற புகாரை அரசே விசாரிக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2021-ல ஒரு பெண் எஸ்.பி. தன்னோட மேலதிகாரி மேல பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினாங்க. வழியிலேயே மறிச்சாங்க. 2023 ஜூன்ல விழுப்புரம் கோர்ட்தான் அந்த மேலதிகாரிக்கு 3 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. எஸ்.பி.க்கே இந்த நிலைமைன்னா, எக்கியார்குப்பத்துல ஒரு அம்மா "எங்க தெருவுல சாராயம் விக்கறாங்க"ன்னு எந்த தைரியத்துல ஸ்டேஷன் படி ஏறுவாங்க?

அந்த அம்மாவுக்கு என்ன செய்வீங்கன்னு வேட்பாளர்கிட்ட கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா, அதையும் ஞாபகம் வெச்சுக்கிட்டு ஓட்டு போடுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.