பழைய மோட்டார் வண்டியும் அதன் உருகிகளும்

இலங்கையின் வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார் வண்டிகளுள் மொரிஸ் மைனருக்குத் தனியிடம் உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த அவ்வண்டி, 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்டது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆயினும் வைத்தியரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் அந்நாளில் வாங்கிய வண்டிகள் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்து இன்னும் ஓடுகின்றன. தகடு துருப்பிடித்தால் வெட்டி ஒட்டலாம். எஞ்சின் தேய்ந்தால் கடைந்துகொள்ளலாம். மின்கம்பிகளின் நிலையோ வேறு. முற்காலத்து வண்டிகளில் அவை இறப்பர் உறையும் பருத்திநூற் பின்னலும் கொண்டவை. இத்தனை ஆண்டு வெப்பமும் எண்ணெயும் பட்ட பின்னர், அவ்வுறை விரலால் தொட்ட அளவிலே உதிர்ந்துவிடும். அந்நிலையில் வண்டி முழுவதற்கும் புதுக் கம்பி போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அவ்வாறு புதுக் கம்பி போடும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தந்தையார் விட்டுச்சென்ற வண்டி அது. கம்பிகளை எல்லாம் நிறம் பார்த்து, தடிப்புப் பார்த்து, பணத்தையும் பாராது வாங்கிவிட்டார். எஞ்சியது உருகி மட்டுமே. பழைய உருகிப் பெட்டியிலிருந்து சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே ஒரு காகிதத் துண்டு. அதில் 35 என்னும் எண். கடைக்குச் சென்று, "முப்பத்தைந்து அம்பியர் உருகி இரண்டு தாருங்கள்" என்கிறார். கடைக்காரரும் தருகிறார். கேட்டவரிடமும் பிழையில்லை, கொடுத்தவரிடமும் பிழையில்லை. ஆயினும் வண்டி ஆபத்தில் வீழ்ந்துவிட்டது.

காரணம் இதுதான். அவ்வண்டியின் மின்னுறுப்புக்களைச் செய்தளித்த லூக்காஸ் நிறுவனம், தன் கண்ணாடி உருகிகளில், உருகி எந்த மின்னோட்டத்தில் அறுந்துபோகுமோ அந்த அளவையே பொறித்தது. 35 என்று பொறித்த லூக்காஸ் உருகி இடைவிடாது தாங்கக்கூடியது ஏறத்தாழ 17 அம்பியரே. அமெரிக்க முறையில் செய்யப்படும் கண்ணாடி உருகிகளிலும், இக்கால வண்டிகளில் உள்ள தட்டையான நிற உருகிகளிலும், இடைவிடாது தாங்கும் அளவே பொறிக்கப்படுகிறது. எண் ஒன்றே, பொருள் இரண்டு. அமெரிக்க முறையிலான 35 அம்பியர் உருகி 30 அம்பியரைச் சலனமின்றிச் சுமந்துகொண்டிருக்கும்.

அந்த 30 அம்பியரை ஏற்கும் கம்பியின் கதி என்ன? 0.30 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புப் புரிகள் 28 கொண்ட கம்பி, 17.5 அம்பியருக்கு உரியதென விற்கப்படுகிறது. 14 புரிகள் கொண்ட மெல்லிய கம்பிக்கு 8.75 அம்பியரே எல்லை. மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியிற் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட விஞ்ஞானம். அக்கணக்கின்படி, 28 புரிக் கம்பியில் 30 அம்பியர் ஓடினால் வெப்பம் ஏறத்தாழ மூன்று மடங்கு. 14 புரிக் கம்பியிலோ பதினொரு மடங்கை விஞ்சும். மேலுறை உருகும், பக்கத்துக் கம்பிகளின் உறையையும் உருக்கும். அக்கம்பிகள் செல்லும் வழியோ இருக்கைப் பஞ்சுக்கும், கம்பளத்துக்கும், பெற்றோல் தாங்கிக்கும் அருகிலேதான். அவ்வளவும் நடந்துகொண்டிருக்க, உருகி மட்டும் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருக்கும்.

உருகி விளக்கையோ மோட்டரையோ காப்பதற்காக வைக்கப்பட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அது காப்பது கம்பியையே. ஆகவே உருகியின் அளவு, சுற்று வழக்கமாக எடுக்கும் மின்னோட்டத்திலும் சற்று மிகுந்தும், அச்சுற்றின் மிக மெல்லிய கம்பி தாங்கும் அளவிலும் குறைந்தும் இருத்தல் வேண்டும். வழக்கமான மின்னோட்டத்தின் ஒன்றரை மடங்கு என்று கொள்வது நல்ல கைக்கணக்கு. நிறுத்து விளக்குகளை எடுத்துக்கொண்டால், 21 உவாற்று மின்குமிழ்கள் இரண்டுக்கும் சேர்த்து 42 உவாற்று. 12 வோல்ற்றினால் வகுக்க 3.5 அம்பியர். அதற்கு 5 அம்பியர் உருகி போதும். இதற்குமேற் கணிதம் வேண்டியதில்லை.

மொரிஸ் மைனரின் பழைய பெட்டியில் பணிசெய்யும் உருகிகள் இரண்டே. ஒன்று எப்போதும் மின்னுள்ள ஹோர்ண் முதலியவற்றுக்கு. மற்றையது சாவியைத் திருப்பிய பின் மின்பெறும் துடைப்பான், நிறுத்து விளக்கு, பெற்றோல் மானி முதலியவற்றுக்கு. இத்தனை மெல்லிய கம்பிகளையும் ஒரே உருகியின் காவலில் விட்டது அந்நாளைய சிக்கனம். புதுக் கம்பி போடும்போது அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சிறு உருகி வைப்பதே அறிவுடைமை. பழமை கெட்டுவிடும் என்று சிலர் முகஞ்சுளிப்பர். பழைய பெட்டியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, புதிய பெட்டியை முகப்புப் பலகையின் பின்னே கண்ணிற்படாமல் வைத்துக்கொள்ளலாம். எரிந்துபோன வண்டிக்குப் பழமை ஏது?

தலைவிளக்குகளுக்கு அவ்வண்டியில் உருகியே கிடையாது. இருட்டில் ஓடும்போது ஓர் உருகி அறுந்து இரு விளக்குகளும் ஒருங்கே அணைவது கொடியதுதான். ஆனால் அதற்குப் பரிகாரம் உருகியை விலக்குவதன்று. இடம் வலம் என்றும், நெடுவெளிச்சம் தாழ்வெளிச்சம் என்றும் பிரித்து நான்கு உருகிகள் வைப்பதாகும். 60 உவாற்று நெடுவெளிச்சம் ஒன்று 5 அம்பியர் எடுக்கும், அதற்கு 7.5 அம்பியர் உருகி. ஒன்று போனாலும் மற்றொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும். எஞ்சினைக் கிளப்பும் மோட்டருக்கு உருகி வைப்பதில்லை. நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரு கணத்தில் விழுங்குவது அது. அதனாலேயே அதன் கம்பி விரற்பருமன் உடையது.

உருகி வைக்கும் இடமும் முக்கியமானது. மின் புறப்படும் இடத்துக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவலில்லை. வானொலிப் பெட்டி போன்ற ஒன்றைப் புதிதாகப் பூட்டும்போது, அதன் உருகியைப் பெட்டியருகே வைக்காது, மின்னெடுக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தல் வேண்டும். மேலும், இவ்வண்டியில் பற்றரியின் நேர்முனையே வண்டியுடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. இக்கால வண்டிகளிற் பழகியவர் இதைக் கவனித்துக்கொள்ளுதல் நன்று.

இனி, அந்த அன்பரிடம் திரும்புவோம். அவர் விடயம் அறிந்து, சரியான உருகிகளையே வைத்தார் என்று கொள்வோம். வண்டி தெருவில் இறங்கிய முதல் நாளே, தடையை மிதித்ததும் நிறுத்து விளக்கின் உருகி அறுந்தது. வேறொன்று வைத்தார், அதுவும் அறுந்தது. "பெரிசாய் ஒன்றைப் போட்டால் நிற்கும் ஐயா" என்கிறார் வேலையாள். சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிடும் வழக்கமும் நம்மவரிடையே இல்லாததன்று. ஈயத்தாள் சுற்றிய உருகி, உருகியே அன்று, வெறும் கம்பித்துண்டு.

செய்யத்தக்கது எளிது. அறுந்த உருகியைக் கழற்றிவிட்டு, அதன் இரு பிடிகளுக்குமிடையே 21 உவாற்று மின்குமிழ் ஒன்றைத் தொடுக்க வேண்டும். எங்கு குறுஞ்சுற்று இருப்பினும், இப்போது ஓடக்கூடியது இரண்டு அம்பியருக்குட்பட்ட மின்னோட்டமே. எந்தக் கம்பியும் வேகாது. சாவியைத் திருப்பினார்; குமிழ் எரியவில்லை. தடையை மிதிக்கச் செய்தார். குமிழ் முழு வெளிச்சத்தோடு எரிந்தது. பின்னே சென்று பார்த்தால் நிறுத்து விளக்குகள் இருண்டு கிடந்தன. கம்பி செம்மையாயிருந்தால் அவையும் மங்கலாகவேனும் ஒளிர்ந்திருக்கும். ஆகவே கோளாறு தடையின் ஆளிக்கும் பின்விளக்குக்கும் இடையே எங்கோ இருந்தது. குமிழை எரியவிட்டபடியே கம்பியை அடியிலிருந்து சாண் சாணாக அசைத்துக்கொண்டு சென்றார். பின்னிருக்கையின் திருகாணியருகே கை பட்டதும் குமிழ் மங்கியது. பின்விளக்குகள் மெல்லச் சிவந்தன. இருக்கையைத் திரும்பப் பூட்டியபோது, திருகாணிக்கும் தகட்டுக்கும் நடுவே புதுக் கம்பி நசுங்கிப் போயிருந்தது.

அவ்விடத்துக் கம்பியை மாற்றி, வழியையும் சற்று விலக்கி அமைத்து, அதே 5 அம்பியர் உருகியைத் திரும்ப வைத்தார்.