இரக்கமன்று, உரிமை

2012 பிப்ரவரியில், மாநாடொன்றிற்காகக் கோவா செல்லவேண்டிக் கொல்கத்தாவில் விமானமேறி அமர்ந்த ஒரு பெண்மணி, பெருமூளை வாதமுடையவர் என்பதற்காகக் கீழே இறக்கிவிடப்பட்டார். மருத்துவர் எவரையும் கலந்தாரில்லை. உடற்குறையைக் காரணங்காட்டிப் பயணிகளை மறுத்தலாகாது என்னும் விதி 2008ஆம் ஆண்டிலேயே இருந்தது. ஏட்டில் இருந்தது, ஏணிப்படியில் இல்லை.

அம்மையார் வழக்காடினார். 2016 மே 12இல் உச்சநீதிமன்றம், விமான நிறுவனம் அவருக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

தொகையை நான் பெரிதாக எண்ணவில்லை. மனித மாண்பையே அத்தீர்ப்பு தனக்கு அடிப்படையாகக் கொண்டதே பெரிது. இரக்கத்தால் இன்று உதவுகிறவர் நாளை மறுத்துவிடலாம்; கேட்பாரில்லை. உரிமையை மறுத்தவரோ மன்றத்தில் விடை சொல்லியாக வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்லும் கை, ஈகை செய்யவில்லை, கடமையைச் செய்கிறது.