இலையின் அடிப்புறம்

(பொள்ளாச்சியில் அறக்கட்டளையின் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரைக் கொங்குநாட்டார் தம்மவர் என்றே கொண்டாடுவர். அவர் பிறந்த சனகாபுரம், பெருந்துறைக்கு அருகிலுள்ள இன்றைய சீனாபுரமே என்பது இவ்வட்டாரத்து வழக்கு. அப்பெருமகனார் தம் நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரிக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமைகள் அனைத்தும் கண்ணெதிரே உள்ளவை: அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி.

இவற்றுள் நெய்யரி என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் பொருள் பன்னாடை. தென்னை, பனை மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் நாரே பன்னாடை. அதில் நெய்யை ஊற்றினால் நெய் கீழே இறங்கிவிடும், கசடு மட்டும் தங்கும். நல்லதை விட்டு அல்லதைப் பற்றிக்கொள்ளும் மாணவனுக்கு அதுவே உவமை. இவ்வுவமையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் எண்ணற்றோர். அவர்களுள் பன்னாடையைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்? தென்னந்தோப்புகள் சூழ்ந்த பொள்ளாச்சியிலேயே இவ்வினாவுக்கு விடை சொல்லத் தயக்கம் நேருமானால், கல்விக்கும் காட்சிக்கும் இடையே எங்கோ ஒரு விரிசல் விழுந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். ஒரு பன்னாடைத் துண்டும் ஒரு கரண்டி நெய்யும் போதும். எட்டு வயதுப் பிள்ளை நூற்பாவின் பொருளை வாழ்நாள் முழுதும் மறவாது.

இயற்கையையும் சுற்றுச்சூழலையும் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. 2003-ஆம் ஆண்டு அதனை மீண்டும் வலியுறுத்தியது. அதன் பயனாகப் பாடநூல் வந்தது, வினாத்தாளும் வந்தது. எனினும் பாடநூலால் செய்ய இயலாதது ஒன்று உண்டு. ஓர் உயிரைப் பார்த்த கண்ணுக்கு அவ்வுயிரின்மேல் உண்டாகும் பரிவு அச்சிட்ட எழுத்தில் பிறப்பதில்லை. அதற்குக் கையும் கண்ணும் காலும் வேலை செய்தாக வேண்டும்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் உள்ள டாப்சிலிப்பில் மவுண்ட் ஸ்டூவர்ட் என்னுமிடத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆனைமலைக் காடுகளுக்கு வன அலுவலராக இருந்த ஹியூகோ உட் என்பவர் 1933-இல் மறைந்து அங்கே துயில்கிறார். கப்பல் கட்டவும் பிற தேவைகளுக்கும் தேக்கு மரங்கள் வெட்டப்பட்டு, மலைச்சரிவில் உருட்டிவிடப்பட்ட காலத்தின் எச்சமே டாப்சிலிப் என்னும் பெயர். வெறுமையான அச்சரிவுகளில் உட் நடந்து செல்லும்போது சட்டைப்பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொள்வாராம். கைத்தடியால் மண்ணில் குழியிட்டு விதையை இடுவாராம். மலைமக்கள் இன்றும் சொல்லும் செய்தி இது. நினைவுச்சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் நோக்குக என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அக்கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் நிற்பவை தேக்கு மரங்கள்.

இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அதன் மறுபாதியையும் சொல்லவேண்டும். தேக்கு மட்டுமே நிற்கும் இடம் தோட்டமாகுமேயன்றி முழுமையான காடாகாது. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வால்பாறை. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் அமைப்பைச் சேர்ந்த அறிவியலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டு வருகின்றனர். ஓரின மரத்தை வரிசையாக நடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அந்தந்த இடத்துக்கு உரிய பல்வகை மரங்களின் விதைகளைத் தேடி எடுத்து, நாற்றங்காலில் வளர்த்துக் கலந்து நடுகின்றனர். காட்டில் இவ்வேலையை இருவாச்சிப் பறவை காலங்காலமாகச் செய்துவருகிறது. பழத்தை விழுங்கித் தொலைவில் விதையைத் துப்பும் அப்பறவைக்கு ஊதியமும் இல்லை, விழா மேடையும் இல்லை.

பள்ளிகளில் நிகழும் மரம்நடு விழாக்களை இங்கே எண்ணிப் பார்க்கலாம். குழி முன்னரே தோண்டப்பட்டிருக்கும். கன்று விலைக்கு வந்திருக்கும். பிள்ளை கை வைத்ததும் ஒளிப்படம் எடுக்கப்படும். கோடை வந்தபின் அக்கன்றைத் தேடிச் சென்றோர் சிலரே. இதற்கு மாற்றாக ஒரு செயலைப் பரிந்துரைக்கலாம். ஆனி, ஆடித் திங்களில் நாவற்பழம் உண்ணும் பிள்ளைகள் கொட்டைகளை எறியாமல் கழுவி வைக்கட்டும். பாதியை அன்றே மண் நிரப்பிய பையில் ஊன்றட்டும். மறுபாதியை இரண்டு திங்கள் உலரவைத்துப் பின்னர் ஊன்றட்டும். புளியங்கொட்டையையும் இவ்வாறே இருமுறை ஊன்றட்டும். புளி இருமுறையும் முளைக்கும். உலர்ந்த நாவல் முளைப்பது அரிது. சில விதைகள் காத்திருக்கும், சில விதைகள் காத்திரா என்னும் உண்மையை எந்த ஆசிரியரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை.

ஒரே நாவற்கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் எழுவதும் உண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கி எறிவதா என்று சமணக் குடும்பத்துப் பிள்ளை கேட்கும். கேட்கவேண்டும். அவற்றை மெல்லப் பிரித்து வேறு பைகளுக்கு மாற்றும் பொறுமையே அக்கேள்விக்கு உரிய விடை.

இரண்டாவது செயலுக்குச் செலவே இல்லை. நான்கு குச்சிகளும் நான்கு மீட்டர் நூலும் கொண்டு வீட்டுப் புறக்கடையில் ஒரு சதுர மீட்டர் நிலத்தை வளைத்துக்கொள்ளலாம். அரைமணி நேரம் அதனுள் உள்ள உயிர்களைப் பார்த்து எழுதவேண்டும். விதிகள் மூன்று: எதையும் பிடிக்கலாகாது, புரட்டிய கல்லை இருந்தவாறே வைக்கவேண்டும், பெயர் தெரியாத உயிரைப் படமாக வரையவேண்டும். பின்னர் அவ்வுயிர்களைத் தொல்காப்பியத்து மரபியல் கூறும் முறையில் ஓரறிவு, ஈரறிவு, மூவறிவு என வரிசைப்படுத்தலாம். புல்லும் மரமும் ஓரறிவின, நத்தை ஈரறிவினது, கறையானும் எறும்பும் மூவறிவின, வண்டு நான்கறிவினது.

எறும்பு மோப்பத்தால் வழியறியும் என்பதைப் பிள்ளைகளே காணலாம். எறும்பு வரிசை செல்லும் தரையில் ஓரிடத்தை ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிட்டால், அவ்விடத்தில் எறும்புகள் தயங்கி நிற்கும். சற்று நேரத்தில் மீண்டும் வழியமைத்துக்கொள்ளும். உருப்பெருக்கியால் நோக்கும் பிள்ளை எறும்பின் தலையில் கண்ணும் இருக்கிறதே என்று சொல்லக்கூடும். அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளலாகாது. முன்னோர் தம் காலத்துக் கண்ணால் கண்டு வகுத்தனர். இன்றைய பிள்ளை இன்றைய கண்ணாடியால் காண்கிறது. காணும் முயற்சி ஒன்றே.

இவ்வரிசையில் கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. தொல்காப்பியர் மக்களுக்கு ஆறாவது அறிவு கூறித் தனியிடம் தருகிறார். பவணந்தியாரோ நன்னூல் உரியியலில் மக்களையும் விலங்கையும் பறவையையும் ஐயறிவு உயிர்களாக ஒரே வரிசையில் நிறுத்துகிறார். காக்கையும் பிள்ளையும் ஒரே பந்தியில் அமர்கின்றன. இதனைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பறவை காண அழைத்துச் செல்லலாம். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணிக் குறித்து இணையத்தில் பதிந்தால் போதும். மொட்டைமாடியும் அதற்கு ஏற்ற இடமே. பாட்டியும் பேரனும் சேர்ந்து செய்யத்தக்க அறிவியல் இது.

மூன்றாவது செயல் பொள்ளாச்சி மண்ணுக்கே உரியது. வீட்டாரின் வருவாயோடும் நோன்போடும் தொடர்புடையது. 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் இந்தியாவிலேயே முதன்முறையாக ஒரு வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சுருள் வெள்ளை ஈ அது. ஓலையின் அடிப்புறத்தில் சுருள்சுருளாக முட்டையிடும், சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்புநீர் கீழோலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். பசுந்தோப்பு கரிபடிந்தாற்போல் மாறியதைக் கண்ட உழவர்கள் கலங்கினர். மருந்துத் தெளிப்பானைத் தோளில் ஏற்றுவதே முதலில் தோன்றும் வழி.

ஆயினும் ஓலையைத் திருப்பி உருப்பெருக்கியால் நோக்கினால் வேறொரு காட்சி தென்படும். வெள்ளை ஈயின் இளங்கூடுகள் சிலவற்றில் வட்டமான சிறு துளை இருக்கும். என்கார்சியா என்னும் ஒரு மில்லிமீட்டரும் இல்லாத குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, வளர்ந்து வெளியேறிய வழி அது. வெள்ளை ஈயே வெளியேறியிருந்தால் துளை வட்டமாக இராது, பிளவாக இருக்கும். கடும் பூச்சிமருந்து அக்குளவியையும் சேர்த்தே கொன்றுவிடும். காவலனை இழந்த தோப்பில் வெள்ளை ஈ மீண்டும் பெருகும். ஆகவேதான் வேளாண் அறிஞர்கள் பூச்சிமருந்தைத் தவிர்க்கச் சொல்லி, ஓலையின் அடிப்புறத்தில் நீரை விசையுடன் பீய்ச்சவும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டவும், என்கார்சியாவைக் காக்கவும் அறிவுறுத்தினர். ஆழியாறு நகரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் செய்யவேண்டுவது எளிது. விழுந்த மட்டையிலிருந்து பத்து ஓலைக்கீற்றுகளை எடுத்து, வட்டத்துளைகள் எத்தனை, பிளவுகள் எத்தனை என எண்ணவேண்டும். திங்கள்தோறும் எண்ணினால் தோப்பில் யார் கை ஓங்குகிறது என்பது தெரியவரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தந்தையிடம் அந்தக் கணக்கைக் காட்டி, இப்போது மருந்து வேண்டா என்று சொல்லக்கூடுமானால், அதைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழும். வெள்ளை ஈயைக் குளவி கொல்கிறதே, அது கொலையாகாதா? ஒட்டுப்பொறியில் சிக்கும் பூச்சிகள் உயிர்கள் அல்லவா? இக்கேள்விகளைப் பெரியவர்கள் மழுப்பலாகாது. குளவிக்கு நோன்பு இல்லை. அது தன் இயல்பில் வாழ்கிறது. கொல்லாமை என்பது மனிதன் தன் கைக்கு இட்டுக்கொண்ட வேலி. பயிர்த்தொழிலில் உயிர்க்கேடு முற்றிலும் நீங்காது என்பதை அறிந்தே, இல்லறத்தாருக்குத் துறவியரினும் சிறிய அளவில் நோன்பு வகுக்கப்பட்டது. எந்த வழியில் கேடு குறையும் என்று தேடுவது இல்லறத்தாரின் கடமை. நீரைப் பீய்ச்சுதல், பொறி, மருந்து என்னும் மூன்றில் எதனால் குறைந்த உயிர்கள் மடியும் என்பதை ஓலையைத் திருப்பிப் பார்த்தவனே சொல்லமுடியும். இரக்கம் இருந்தும் பார்க்காதவன், அறியாமலே ஆயிரம் உயிர்களை அழித்துவிடுவான். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த கிணற்றிலேயே திரும்ப விட்ட முன்னோரின் வழக்கமும் இதனையே உணர்த்துகிறது. அவர்கள் முதலில் பார்த்தார்கள், பின்னர் பரிந்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் வேண்டுவன மிகச் சில: பிள்ளைக்கு ஓர் உருப்பெருக்கி, ஒரு குறிப்பேடு, கிழமைக்கு அரைமணி நேரம், உடன் நடக்க ஒரு பெரியவர். இறுதியாகக் குறிப்பிட்டதே கிடைத்தற்கரியது. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுத் தோப்புக்கு வரும் தாத்தா ஒருவர் நூறு விளக்கப்படங்களுக்கு ஈடாவார்.

இறுதியாக அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். விழாதோறும் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பது பாராட்டத்தக்க மரபு. அப்பரிசுகளுள் ஒன்றை இனி இவ்வாறு அமைக்கலாம்: இந்த ஆண்டு நட்ட கன்றுக்குப் பரிசு இல்லை, சென்ற ஆண்டு நட்டு இந்த ஆண்டும் உயிரோடிருக்கும் கன்றுக்குப் பரிசு. அதனைக் காணத் தேர்வாளர்கள் பிள்ளையின் வீட்டுக்குச் செல்லட்டும். பிள்ளை அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, இலையைத் திருப்பி அடிப்புறத்தில் வாழும் உயிர்களின் பெயரைச் சொல்லட்டும்.