மருத்துவச்சி ஆகும் வழி

(அன்னையர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பாட்டிமார் காலத்தில் பிள்ளை பிறந்தது வீட்டில்தான். வலி கண்டதும் ஊர் மருத்துவச்சிக்கு ஆள் ஓடும். தாயிடமோ மாமியாரிடமோ கூட இருந்து பார்த்துப் பழகியதே அவர் பெற்ற கல்வி. எத்தனையோ உயிர்களை அந்தக் கைகள் ஏந்தின. ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இரத்தம் நிற்காமல் போனாலோ, என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

நமது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திண்டிவனத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணைப் பிரசவம் பார்க்க அழைத்தார்கள். அவருடைய தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கோ பயிற்சி இல்லை. விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்திருந்தனர். அதன் பின்னரே அவர் அமெரிக்கா சென்று படித்து, 1899இல் மருத்துவரானார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இரக்கம் அவரிடம் முன்பே இருந்தது, கல்விதான் இல்லாதிருந்தது.

நம் திருச்சபையிலும் இந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. துறவறச் சகோதரிகள் பேறுகால மருத்துவம் செய்வதைச் சபைச் சட்டம் தடுத்திருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பரின் தனி அனுமதியோடு 1920இல் குண்டூருக்கு வந்து கன்னியரானார்; உள்ளூர்ப் பெண்களுக்கும் மருத்துவச்சிப் பயிற்சி அளித்தார். எல்லாத் துறவறச் சகோதரிகளுக்கும் ரோமை வழிவிட்டது 1936இல்தான்.

இன்றைய வழி என்ன? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் இரண்டாண்டு துணைச் செவிலியர் பயிற்சி பெறலாம். அல்லது செவிலியர் பட்டயமோ பட்டமோ படிக்கலாம். இவை அனைத்திலும் பேறுகாலப் பயிற்சி உண்டு. அதற்கும் மேலே, அனுபவமுள்ள செவிலியருக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சியை மத்திய அரசு 2018இல் வகுத்தது. நாடி பார்ப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது, நச்சுக்கொடி முழுதாக வெளிவந்ததா எனச் சோதிப்பது, கருப்பை சுருங்கி இரத்தம் கட்டுப்பட மருந்து கொடுப்பது ஆகியவை எல்லாம் அவர் அறிய வேண்டியவை. இவற்றிற்கெல்லாம் மேலாக, எந்த நேரத்தில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிய வேண்டும்.

2019–21 கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. "பிறகு மருத்துவச்சி எதற்கு, சாமி?" என்று கேட்பீர்கள். வலியில் துடிப்பவளின் கையைப் பிடித்து, பொறுமையாய், கடிந்துகொள்ளாமல் கூடவே இருக்க ஒருத்தி அங்கும் வேண்டுமல்லவா? அந்தத் துணை கிடைக்காது என்ற அச்சமும் சிலரை வீட்டுப் பிரசவத்தை நாடச் செய்கிறது. 2018இல் திருப்பூரில், பயிற்சி பெற்றவர் எவருமின்றி வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஒரு தாய் இரத்தப்போக்கால் இறந்தார். அன்று திண்டிவனத்தில் இல்லாத கற்ற கை, திருப்பூரிலும் அருகில் இல்லை.

பெற்றோரே, உங்கள் மகள் இப்பணியை விரும்பினால் தடுக்காதீர்கள். பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட கட்டளையை மீறி உயிர்களைக் காத்த சிப்ரா, பூவா என்னும் மருத்துவப் பெண்களின் பெயர்களை விவிலியம் மறக்கவில்லை. அந்த வரிசையில் நம் பங்குப் பெண்கள் சிலரும் சேர இறைவன் அருள்வாராக!