பிரம்பும் பதிவேடும்

 

கல்வியில் ஒழுங்கும் தண்டனையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். காரணம் இல்லாமலில்லை. நம் இரவுப் பாடசாலையில் பிரம்பு வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்னும் வாதம் செயற்குழுவில் இன்னும் முடிவுறாமல் நிற்கிறது. பிள்ளைகள் அடங்குவதில்லை, நாலு அடி வைத்தால்தான் வழிக்கு வருவார்கள் என்பர் ஒரு சாரார். பெற்றோரே அவ்வாறு வேண்டுகின்றனர் என்பதும் மெய்தான்.

இவ்வம்மாபேட்டைப் பகுதியில் தறிக்கூடத்திலிருந்தும் கொலுசுப் பட்டறையிலிருந்தும் அரைநாள் கூலியை இழந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தந்தை, படிவத்தில் கைந்நாட்டு வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார்: "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுடுங்க சார்." ஒவ்வொரு ஜூன் மாதமும் நாம் கேட்டு வருகின்ற வார்த்தை இது. தாம் பெறாத கல்வியைத் தம் மகனாவது பெறவேண்டும் என்னும் ஏக்கமே அதில் ஒலிக்கிறது. அதனை இகழ்வதற்கு நமக்கு உரிமையில்லை. ஆயினும் அக்கண்ணைக்கூட விட்டுவைக்காத பள்ளியொன்று நம் மாவட்டத்திலேயே இருந்ததை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

1995 ஆம் ஆண்டில், சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நம் சமூகத்துச் சிறுமி ஒருத்தி வகுப்பறையில் மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கென வைத்திருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஆசிரியர் அடித்தார். குழந்தையின் ஒரு கண் பார்வை போயிற்று. நாடெங்கும் செய்தித்தாள்கள் எழுதின. அக்குழந்தை இழைத்த ஒழுங்கீனம் யாது? தாகம்! அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் பயின்றபோது, தாம் அமரும் கோணித்துணியை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று மீண்டும் வீட்டுக்கே சுமந்துவந்தார். குழாயைத் தாமே திறந்து தண்ணீர் குடிக்கவும் அவருக்கு அனுமதியில்லை. குற்றம் இல்லாத இடத்தும் தண்டனை உண்டு என்பதே நம் பிள்ளைகள் பள்ளியில் கற்ற முதற்பாடமாக நெடுங்காலம் இருந்திருக்கிறது. அடியாத மாடு படியாது என்று பழமொழி சொல்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். பண்ணைகளில் நம் முன்னோர் முதுகில் விழுந்த அடிக்குக் கணக்கில்லை. அவ்வடியால் அவர்களில் ஒருவரேனும் எழுத்தறிவு பெற்றதாகச் செய்தியில்லை.

நிற்க. சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். பழைய தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51 ஆம் விதி என ஒன்று இருந்தது. வேண்டுமென்றே பொய் கூறுதல், ஆபாசமான சொல் அல்லது செயல், வெளிப்படையான கீழ்ப்படியாமை போன்ற ஒழுக்கக்கேடு நேர்ந்தாலன்றி மாணவனை அடித்தல் கூடாது. அப்போதும் கையில் ஆறு அடிக்கு மேற்படக் கூடாது. அதனையும் தலைமையாசிரியர் தாமே கொடுக்க வேண்டும், அல்லது அவர் முன்னிலையில் கொடுக்க வேண்டும். இவ்வளவே அவ்விதி தந்த இடம். கணக்கு வராதவனை அடிக்கலாம் என்றோ, சீருடை இல்லாதவனை அடிக்கலாம் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அஃதாவது, நம் தலைமுறையினர் பள்ளியில் வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை அன்றைய சட்டத்தின்படியே முறைகேடானவை. இதனை எடுத்துச் சொல்ல அன்று எவரும் முன்வரவில்லை.

2003 ஆம் ஆண்டில் அவ்விதி திருத்தப்பட்டது. மாணவர்க்கு உடல் வருத்தமோ மன வருத்தமோ விளைவித்தல் தடைசெய்யப்பட்டது. பின்னர் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17 ஆம் பிரிவில் அதனையே நாடு முழுமைக்கும் உரியதாக்கிற்று. மீறுவோர் மீது அவர்தம் பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது.

ஒழுங்கு நடவடிக்கை என்றதும் ஆசிரியர்களாகிய எமக்கு நினைவுக்கு வருவன 17(அ), 17(ஆ) என்னும் விதிகள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் உள்ளவை இவை. ஆசிரியர் ஒருவரைக் கண்டிக்க வேண்டுமாயினும், ஆண்டு ஊதிய உயர்வு ஒன்றை நிறுத்த வேண்டுமாயினும், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து அவரது விளக்கத்தைப் பெறவேண்டும். பெருந்தண்டனையாயின் விசாரணையும் நடைபெற வேண்டும். ஆணை வந்தபின் மேல்முறையீடும் உண்டு. இவையனைத்தும் நேரியவை, எமக்கும் இவை அரணாக நிற்கின்றன. ஆயின் ஏழு வயதுக் குழந்தைக்கு? அங்கே குற்றம் சாட்டுபவரும், விசாரிப்பவரும், தீர்ப்பளிப்பவரும், அதனை நிறைவேற்றுபவரும் ஒருவரே. கேள்வி பிறக்குமுன் பிரம்பு இறங்கிவிடுகிறது. வளர்ந்தவருக்கு இத்தனை பாதுகாப்பு வேண்டுமெனில், வளராதவருக்கு அதனினும் மிகுதியாக அன்றோ வேண்டும்?

அடி கூடாதெனில் ஒழுங்கு எவ்வாறு நிற்கும் என்று கேட்பீர்கள். நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பதினொரு நாள் வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். தந்தை பட்டறையில் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பையன் அங்கே வேலை செய்துகொண்டிருந்தான். பதினான்கு வயது நிரம்பாதவனை வேலைக்கு வைத்தல் குற்றமென்று பட்டறைக்காரரிடம் எடுத்துரைத்தோம். முன்பணத்தைத் தவணையில் கழிக்க அவர் இசைந்தார். பன்னிரண்டாம் நாள் பையன் வகுப்புக்கு வந்தான். அவ்வாசலில் பிரம்பு காத்திருக்குமாயின் அவன் நேரே பட்டறைக்கே திரும்பியிருப்பான். ஏன் வரவில்லை என்று கேட்பதும், விடை கிடைக்கும்வரை கேட்பதும், அதற்குரியதைச் செய்வதும்தான் யாம் அறிந்த ஒழுங்கு. பிரம்பைக் காட்டிலும் இது கடினம். நேரமும் மிகுதியாகச் செல்லும்.

அடியும் இல்லை, எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சியும் உறுதி, பின்னர் யார் படிப்பார் என்னும் குறையும் ஊரில் உலவுகிறது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மாணவரை நிறுத்திவைக்க விதி செய்தபோது, தமிழ்நாடு அரசு பழைய முறையே இங்குத் தொடரும் என அறிவித்தது. அதனை நாம் வரவேற்கிறோம். ஐந்தாம் வகுப்பில் நிறுத்தப்படும் பிள்ளை மீண்டும் ஐந்தாம் வகுப்பில் அமர்வதில்லை, தறிக்குப் போய்விடுகிறது. எனினும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் வேறொரு வாயில் திறக்கிறது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு காட்டவேண்டும் என்னும் நெருக்கடியில், மெல்லப் படிக்கும் பிள்ளையின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பிலேயே அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுமாறு நயமாகச் சொல்லும் பள்ளிகள் உள்ளன. ஆய்வுக் கூட்டங்களில் எழுந்து நின்று விழுக்காட்டுக்கு விளக்கம் சொன்ன அனுபவம் எமக்கும் உண்டு. மேலதிகாரிக்கு மட்டும் கணக்குக் காட்டும் பள்ளி, கணக்கைக் கெடுக்கும் பிள்ளையை வெளியேற்றவே முயலும். பெற்றோருக்குக் கணக்குக் காட்டும் பள்ளியில் அது நடவாது. எங்கள் பிள்ளை எங்கே என்று கேட்க அங்கே ஆள் இருக்கும்.

அவ்வாறு கேட்பதற்குச் சட்டம் நமக்கு இடம் தந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு ஆசிரியர் கடமைகளை எண்ணிக் கூறுகிறது: உரிய நேரத்தில் வருதல், பாடத்திட்டத்தை முடித்தல், பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பித்தல், பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவித்தல். தவறினால் நடவடிக்கை உண்டு. 21 ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்தது. அதன் உறுப்பினரில் நான்கில் மூவர் பெற்றோராதல் வேண்டும், பாதிப்பேர் பெண்கள், நம்போன்ற சமூகத்துப் பெற்றோர்க்கு எண்ணிக்கைக்கேற்ற இடம் உண்டு. பள்ளிக்கு வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணியே. இவ்விடங்களில் நம்மவர் பெயர் இருக்கிறது, ஆள்தான் இருப்பதில்லை. கூலியை விட்டுவிட்டு யார் போவது என்று தாய்மார் கேட்பது நியாயமே.

ஆயினும் ஒரு தாய் கேட்டால் என்ன நிகழும் என்பதற்கு அண்டை மாவட்டத்தைப் பாருங்கள். 2022 ஆம் ஆண்டின் இறுதியில், ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நம் சமூகப் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பறையைத் தூய்மை செய்வித்துள்ளனர். ஒரு சிறுவன் டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது தாய் துருவிக் கேட்க, உண்மை வெளிவந்தது. அவர் புகார் கொடுத்தார். தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். அது தண்டனை என்று பிள்ளைகளுக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளி வேலை என்றே சொல்லியிருப்பர். எந்தப் பிள்ளைகளை அவ்வேலைக்கு அழைக்கின்றனர் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஆதலால் இரவுப் பாடசாலை பற்றிய வாதத்தில் எம் கருத்து இது. பிரம்பு வேண்டாம். அதற்குப் பதிலாக இரண்டு பதிவேடுகள் வைப்போம். ஒன்று மாணவர் வருகைக்கு. மற்றொன்று, கற்பிக்க வரும் நம் இளைஞர்களின் வருகைக்கும் அன்று நடத்திய பாடத்துக்கும். இரண்டாவது பதிவேட்டை வாரந்தோறும் தாய்மாருள் இருவர் பார்வையிட வேண்டும். ஏழு மணிக்கு வரவேண்டிய ஆசிரியர் எட்டு மணிக்கு வந்தால் அதுவும் அதில் ஏறட்டும். பிள்ளையின் தாமதத்தை மட்டும் எழுதும் பாடசாலை நமக்கு வேண்டுவதில்லை. அரசுப் பள்ளியில் கணக்குக் கேட்கப் பழகுவோர், முதலில் நம்மிடத்திலேயே கேட்டுப் பழகட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லும் தாய்மாருடன் நம் இளைஞர் ஒருவர் வாயில்வரையேனும் துணை செல்லவேண்டும். கூட்டத்தில் கேட்ட கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பின்னரே அவர்கள் கையொப்பமிடட்டும். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம். பிள்ளையை அடித்ததாகவோ இழிவு செய்ததாகவோ அறிந்தால், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்னும் பள்ளிக்கல்வி உதவி எண்ணும் இருக்கின்றன. இவ்விரண்டையும் பாடசாலைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.