ஊசி எழுதிய கடிதம்



தையல் வெறும் பொழுதுபோக்கு என்போருக்குச் சாங்கிச் சிறை பதில் சொல்லும்.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே பெண்களும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 400 பேர், பெரும்பாலும் ஐரோப்பியர், சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கணவன்மாரில் பலர் வேறு முகாம்களில் போர்க் கைதிகள். உயிரோடு இருப்பதை அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது?

கனடா நாட்டைச் சேர்ந்த ஈத்தல் மல்வானி என்ற கைதி ஒரு வழி கண்டார். ஆளுக்கு ஓர் ஆறங்குலச் சதுரத் துணி. மனத்தில் உள்ளதை அதில் பூவேலையாகத் தைத்து, பெயரையும் தைக்க வேண்டும். ஒருத்தி பூவைத் தைத்தாள். இன்னொருத்தி தன் சிறை அறையையே தைத்தாள். 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று!

காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று. மூன்றாவது? ஜப்பானிய வீரர்களுக்கு! காவலர்கள் எப்படி மறுப்பார்கள்?

ஆஸ்பத்திரியில் அந்தப் போர்வையில் மனைவியின் பெயரைக் கண்டால், அது துணியா, கடிதமா?

இன்று இரண்டு போர்வைகள் கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. தைத்தவர்களின் பெயர்கள் அழியவில்லை.

தேக்காவில் நூற்கண்டு வாங்கி, பழஞ்சேலைத் துண்டுகளை இணைத்துப் பேரப்பிள்ளைக்குப் போர்வை தைக்கும் தாய்மார்களே! ஓரத்தில் உங்கள் பெயரையும் நாலு எழுத்தில் தைத்துவிடுங்கள். போர்த்திக்கொள்ளும் பிள்ளை, தைத்த கை எது என்று அறியட்டும்.