இந்தச் சீருடை யாருடையது?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல் உலகப்போர்ப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுகிறோம். இந்தப் பக்கம் மைய நாடுகள், அந்தப் பக்கம் நேச நாடுகள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஒரு நாட்டு மக்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் நின்றிருப்பார்கள் என்ற எண்ணமும் அந்தப் பட்டியலோடு சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை அசைப்பதற்காகச் சில ஆண்டுகளாக வகுப்பில் ஒரு பொருளைப் பயன்படுத்தி வருகிறேன்: ருமேனியப் படைவீரர்களின் பழைய குடும்பப் புகைப்படங்கள்.

ஏன் ருமேனியா என்று கேட்பீர்கள். அந்த நாட்டோடு நம் பிள்ளைகளுக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. ஆகவே படத்தைப் படமாகப் பார்ப்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. சீருடையைப் பார்த்ததும் 'இவர் இன்ன நாட்டுக்காரர், இன்ன பக்கம்' என்று சொல்லிவிடும் நம் வழக்கம் ருமேனியாவில் பலிக்காது.

1914ஆம் ஆண்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ருமேனியா ஒரு சிறிய முடியாட்சி. கார்பேத்திய மலைக்கு அந்தப் பக்கம் உள்ள திரான்சில்வேனியாவிலும் பெரும்பான்மையோர் ருமேனியர்களே. ஆனால் அது ஹங்கேரியின் ஆட்சியில் இருந்தது. வடக்கே புக்கோவினா ஆஸ்திரியாவிடம். கிழக்கே பெசராபியா ரஷ்யப் பேரரசிடம். போர் வந்ததும் ஒரே மொழி பேசியவர்கள் மூன்று அரசர்களுக்காக மூன்று சீருடைகளில் போனார்கள். ருமேனிய அரசு இரண்டு ஆண்டுகள் நடுநிலை வகித்து, 1916 ஆகஸ்டில்தான் நேச நாடுகள் பக்கம் சேர்ந்தது. அதற்குள் திரான்சில்வேனிய ருமேனியர்கள் லட்சக்கணக்கில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களை அவர்கள் இனி எதிரிகளாகச் சந்திக்க வேண்டும்.

இந்த வரலாறு முழுவதும் ஒரு தொப்பியில் தெரியும். ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரரின் தொப்பியில் முன்பக்கம் ஒரு சிறு வட்ட வில்லை இருக்கும். அதில் பேரரசர் முதலாம் ஃபிரான்ஸ் ஜோசஃபின் பெயரெழுத்துகள். அவர் 1916 நவம்பர் 21 அன்று இறந்தார். அடுத்து வந்தவர் கார்ல். அதன்பின் வந்த வில்லைகளில் கார்லின் பெயருக்குரிய 'க' ஒலி எழுத்து மட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து 'தொப்பியில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேளுங்கள். கார்லின் எழுத்து இருந்தால் அந்தப் படம் 1916 முடிவுக்குப் பிந்தியது என்று மாணவரே கண்டுபிடித்துவிடுவார். பழைய எழுத்து இருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அரசர் மாறிய மறுநாளே எல்லாத் தொப்பிகளும் மாறிவிடாது அல்லவா? இந்த வேறுபாட்டை நான் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் சொல்லிவிடுவதுண்டு.

ருமேனிய அரசின் வீரர் என்றால் அடையாளங்கள் வேறு. 1912இல் சாம்பல்-பச்சைச் சீருடை வந்தது. 1916 டிசம்பரில் புக்கரெஸ்ட் வீழ்ந்தது. அரசும் படையும் மால்டேவியாவுக்குப் பின்வாங்கின. தளபதி பெர்த்தெலோ தலைமையில் வந்திருந்த பிரெஞ்சுப் படைக்குழுவின் உதவியோடு அங்கே படை சீரமைக்கப்பட்டது. அந்தக் காலத்துப் படங்களில் வீரர்கள் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்ரியான் தலைக்கவசம் அணிந்திருப்பார்கள்; முன்பக்கம் அரசர் ஃபெர்டினாண்டின் முத்திரை. காலைப் பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கும். பூட்சு போதாமல் 'ஒபிஞ்ச்' என்ற நாட்டுப்புறத் தோல் செருப்போடு நிற்பவர்களும் உண்டு. தலையில் பாரிஸ், காலில் சொந்த ஊர். படையின் நிலையை விளக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது.

வண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் கால ஒளித்தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புக் கழுத்துப்பட்டை கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். எந்தப் படைப்பிரிவு என்பதைப் பல நேரம் கழுத்துப்பட்டையின் நிறம்தான் சொல்லும் என்பதால் இது முக்கியம். இப்போது கைப்பேசிச் செயலிகள் நொடியில் பழைய படத்துக்கு வண்ணம் பூசித் தருகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது செயலியின் ஊகம், சான்று அல்ல. வகுப்பில் அதைக் காட்டாதீர்கள்.

முன்பக்கத்தைவிட எனக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும். அக்காலப் படங்கள் பல அஞ்சலட்டைத் தாளிலேயே அச்சிடப்பட்டன. பின்னால் படக்கூடத்தின் முத்திரை, போர்முனை அஞ்சல் முத்திரை, இரண்டு வரி நலம் விசாரிப்பு. இன்றைய க்ளுஜ் நகருக்கு ஹங்கேரியப் பெயர் கொலோஷ்வார். ஜெர்மன் பெயர் க்ளாவ்சன்பர்க். எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதிலிருந்து அப்போது ஊரை யார் ஆண்டார்கள், கடைக்காரர் யார் என்று ஊகிக்கத் தொடங்கலாம்.

ஒரே ஆள் இரண்டு சீருடைகளில் இருக்கும் படங்களும் உண்டு. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சண்டையிட்டு ரஷ்யர்களிடம் சிறைப்பட்ட திரான்சில்வேனிய ருமேனியர்கள் பலர், 1917இல் கீவ் அருகே டார்னிட்சாவில் தன்னார்வப் படையாகத் திரண்டு ருமேனியப் படையில் சேர்ந்தார்கள். மறுபடி பிடிபட்டால் அவர்கள் போர்க்கைதிகள் அல்லர், துரோகிகள். தண்டனை தூக்கு. சட்டை மாற்றுவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை இங்கே சற்று நிறுத்திப் பேசுவேன்.

அப்படித் தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் எமில் ரெப்ரியானு. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் அதிகாரி. ருமேனியப் பக்கம் போக முயன்றதற்காக 1917 மே மாதம் தண்டிக்கப்பட்டார். அவருடைய அண்ணன் லிவியு ரெப்ரியானு 1922இல் எழுதிய 'தூக்கிலிடப்பட்டவர்களின் காடு' ருமேனிய இலக்கியத்தின் முதன்மையான நாவல்களில் ஒன்று. அந்த நாவல் ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1918 இறுதியில் நண்பர் ஒருவர் காட்டிய படம்; இத்தாலியப் போர்முனைக்குப் பின்னால் ஒரு காட்டில் தூக்கில் தொங்கிய செக் வீரர்கள்.

இரண்டாம் உலகப்போருக்கு வந்தால் புதிர் தலைகீழாகிறது. முன்பு ஒரே மக்கள், பல சீருடைகள். இப்போது ஒரே சீருடை, இரண்டு பக்கங்கள்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனியோடு சேர்ந்து ருமேனியா சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்தது. ஸ்டாலின்கிராடு வரை போய் நொறுங்கியது. 1944 ஆகஸ்ட் 23 அன்று அரசர் மிகாய், சர்வாதிகாரி அன்டோனெஸ்குவைக் கைதுசெய்ய வைத்தார். நாடு அணி மாறியது. அதே படை ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா வழியாக 1945 மே வரை ஜெர்மனியரோடு சண்டையிட்டது. சீருடை அதேதான்: காக்கிச் சட்டை, முன்னும் பின்னும் கூர்ந்த துணித்தொப்பி, டச்சுப் படையினருடையதை ஒத்த தலைக்கவசம். அந்தக் கவசங்களில் சிலவற்றில் இரண்டாம் கரோலின் முத்திரை இருக்கும். அவர் 1940 செப்டம்பரிலேயே முடிதுறந்தவர். ஆக, தேதி இல்லாத ஒரு படத்தைப் பார்த்து இவர் யாரை எதிர்த்துப் போனார் என்று சொல்லவே முடியாது. ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ இவரு யாரு பக்கம் சார்?" படத்தைத் திருப்பிக் காட்டினேன். பின்னால் '1943' என்று பென்சிலில் எழுதியிருந்தது. வகுப்பே அமைதியானது.

கம்யூனிஸ்டு ஆட்சிக்காலத்தில் ஆகஸ்ட் 23 தேசிய நாளாக இருந்தது. அதற்குப் பிந்திய சண்டை பாடநூலில் புகழப்பட்டது. அதற்கு முந்திய மூன்றாண்டுகளின் கிழக்குப் போர்முனை பற்றிப் பேச்சே குறைவு. ஒரே தாத்தாவின் இரண்டு படங்களில் ஒன்றுக்கு மட்டும் பள்ளியில் கதை இருந்தது.

இனிச் சொல்லப்போவது கடினமான பகுதி. ஸ்லோபோசியா என்ற சிறு நகரில் கோஸ்திக்கா அக்சிந்தே என்ற புகைப்படக்காரர் இருந்தார். முதல் உலகப்போரில் படைக்குப் படம் எடுத்தவர். பிறகு ஊரில் படக்கூடம் வைத்தார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 5000 கண்ணாடித் தகடுகள் அருங்காட்சியகத்துக்கு வந்து, இப்போது எண்ணிம வடிவில் யாரும் பார்க்கும்படி உள்ளன. மணமக்கள், குழந்தைகள், விறைத்து நிற்கும் சீருடைக்காரர்கள். தகட்டின் பூச்சு உரிந்து, சில முகங்கள் பாதி கரைந்துபோயிருக்கும். இயக்குநர் ராடு ஜூடே இந்தப் படங்களை வைத்து 2017இல் 'இறந்த தேசம்' என்ற ஆவணப்படம் எடுத்தார். திரையில் அமைதியான குடும்பப் படங்கள். பின்னணியில், எமில் டோரியன் என்ற யூத மருத்துவரின் நாட்குறிப்பு வாசிக்கப்படுகிறது. யூதர்கள்மீது நடந்த கொடுமை அதில் நாள்வாரியாக வருகிறது. கேட்பது எதுவும் படத்தில் இல்லை.

எலீ வீசல் தலைமையிலான பன்னாட்டு ஆணையம் 2004இல் தந்த அறிக்கைப்படி, ருமேனிய ஆட்சியிலிருந்த பகுதிகளில் 2,80,000 முதல் 3,80,000 வரை யூதர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். 1941 அக்டோபரில் ஒடெசாவில் நடந்த படுகொலை ருமேனியப் படையின் கையால் நடந்தது. இதைச் சொல்லாமல் அந்தச் சீருடையை வகுப்பில் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், படத்தில் இருக்கும் இந்த இளைஞர் அங்கே இருந்தார் என்றும் படம் சொல்லவில்லை. எந்தப் படைப்பிரிவு, எந்த மாதம், எந்த ஊர் என்று கேட்காமல் அவரைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது. 'நல்லவரா, கெட்டவரா?' என்று கேட்கும் பிள்ளைகளிடம் இந்த மூன்று கேள்விகளைத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். விடை கிடைக்காமல் மணி அடித்துவிடும் நாள்கள் உண்டு. அடிக்கட்டும்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புவோருக்கு: இரண்டு பாடவேளை, நான்கு படங்கள் போதும். படத்தைப் பற்றிய விளக்கத்தை முதலில் கொடுக்காதீர்கள். 'தெரிவது', 'ஊகிப்பது' என்று நோட்டில் இரண்டு பத்தி பிரித்து எழுதச் சொல்லுங்கள். தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் போரை விட்டுவிட்டு, தொப்பி, காலணி, பொத்தான் என்று கவனிக்கும் பயிற்சியாக மட்டும் செய்யலாம். வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்வதானால் அசலை வாங்காதீர்கள். கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் போதும். படமே இல்லாத வீடுகளும் உண்டு, படத்தை எடுத்தாலே அம்மா அழும் வீடுகளும் உண்டு, கட்டாயப்படுத்த வேண்டாம். அனுப்புபவர்களிடம் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: பின்பக்கத்தையும் எடுத்து அனுப்ப வேண்டும்.